பாடல் மக்களுடையது, தொகுத்தவன் நான்

எனக்குப் பாட வராது. கிதார் பிடிக்கத் தெரியாது. மேளம் அடிக்கத் தெரியாது. கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டச் சொன்னால்கூட என் தட்டு சற்றுப் பிந்தியே விழும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு எவரும் ஏமாற்றப்பட்டதாக வருந்தக் கூடாது.

இசைக் கலைஞர் சங்கத்தின் தலைவர் அவர்களே, விசாரணைக்கு அமர்ந்திருக்கும் மற்ற இருவரே, என் தங்கை மீது நான் கொடுத்த புகாரை ஏற்று, அவள் எந்த மேடையிலும் பாடக் கூடாது என்று சென்ற ஆண்டு நீங்கள் தடை விதித்தீர்கள். அந்தத் தடை நீடிக்க வேண்டுமா, நீங்க வேண்டுமா என்பதே இன்றைய வழக்கு. அதற்கு விடை காண, ‘மாடிப்படி’ என்னும் எங்கள் சிறிய இசைக்குழுவின் வரலாற்றை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியுள்ளவர் இல்லை. ஏனெனில் தொடக்கம் முதல் இன்றுவரை அதில் இருப்பவன் நான் ஒருவனே.

நாங்கள் நால்வர். தங்கை பாடுவாள். பகலில் ஒரு பல் மருத்துவமனையின் கூடத்தில் நின்று நோயாளிகளைப் பெயர் சொல்லி உள்ளே அழைப்பது அவள் வேலை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்து நடுங்கும் மனிதரையும் எழுந்து நடக்க வைக்கும் குரல் அது. அவள் கணவர், எங்கள் வீட்டு மாப்பிள்ளை, கிதார் வாசிப்பார். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்; ஆகவே எந்த இரைச்சலிலும் தாளம் தவறாதவர். மேளம் வாசித்தவர் தண்ணீர்க் குழாய் பொருத்தும் தொழிலாளி. அவரை எல்லோரும் ‘குழாய்’ என்றே அழைப்போம்; அவரும் அதற்கே திரும்பிப் பார்ப்பார்.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். மாலை வேளைகளில் சீர்திருத்தக் கூட்டங்களில் பேசுபவன். ஆகையால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மேடையில் பேசுவது என் பங்காயிற்று. குழாய் என்னை ‘மைக்கு’ என்று கூப்பிடுவார். கையில் கொடுத்தால் திரும்பி வராது என்பது அதன் பொருள் என அவரே விளக்கமும் சொல்வார்.

தங்கை குடியிருந்த கட்டடத்தின் மாடிப்படியில்தான் ஒத்திகை நடந்தது. ஒலிப்பதிவுக் கூடங்களில் கருவி வைத்து உண்டாக்கும் எதிரொலியை அந்தப் படிக்கட்டு சும்மா கொடுத்தது. ஒருநாள் கட்டடத்தின் மோட்டார் நின்றுபோயிற்று. தங்கை படியின் வளைவில் நின்று, மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையும், மருத்துவமனையில் அழைக்கும் அதே குரலில், தண்ணீர் வரவில்லை என்று அறிவித்தாள். சுவர்கள் அதைத் திருப்பிச் சொல்லின. அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு எங்களிடம் வந்தாள்.

“அண்ணா, இதக் கேளேன்,” என்று தொடங்கினாள்.

*மேல தண்ணில்லே, கீழ தண்ணில்லே,*
*நடுவுல நிக்கிற நமக்கும் தண்ணில்லே.*
*குழாயத் தெறந்தா காத்து வருது,*
*காத்தப் புடிச்சா பாட்டு வருது.*

“இது பாட்டா, புகாரா?” என்றார் குழாய்.

“ரெண்டும்தான். நீ நேரத்துக்கு வந்து மோட்டாரப் பாத்திருந்தா இந்தப் பாட்டே வந்திருக்காது.”

“அப்ப பாட்டுக்குக் காரணம் நான்தான். எழுதிக்கோ மைக்கு.”

நான் எழுதிக்கொள்ளவில்லை. பின்னால் நடந்தவற்றை நினைக்கும்போது, எழுதிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

அப்பொழுது நகர அரங்கில் ‘மரபிசை மாலை’ ஒன்று அறிவித்திருந்தார்கள். எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு அத்தகைய மேடை கனவிலும் கிடைக்காது. ஒரே ஒரு நிபந்தனை: ஆசிரியர் இன்னார் என்று அறியப்படாத, வாய்வழி வந்த பாடல்களே பாடப்பட வேண்டும். நான் சிறிதும் தயங்காமல் ‘ஆசிரியர் அறியப்படவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“நான்தான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேனே அண்ணா,” என்றாள் தங்கை.

“ஒரு சாயங்காலத்துக்குத்தாம்மா.”

“சரி. ஒரு சாயங்காலம் காணாமப் போயிட்டு வர்றேன்,” என்று சிரித்தாள்.

இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவள் சம்மதித்தாள்.

பாடல் வரிகளோடு கூடிய நிகழ்ச்சி நிரல் அச்சுக்கு எங்கள் அச்சகத்துக்கே வந்தது. மெய்ப்பு என் மேசைக்கு வந்தது. அச்சுக் கோத்தவர் ‘தண்ணில்லே’ என்பதை ‘தன்னில்லே’ என்று கோத்திருந்தார். மூன்று சுழி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சுழி. என் பேனா அந்தச் சொல்லின் மேல் வந்து நின்றது. மூன்று சுழியில் அது குடிநீர்ப் பிரச்சினை. இரண்டு சுழியில் அது மெய்ஞ்ஞானம். மேலே தான் என்பது இல்லை, கீழே தான் என்பது இல்லை, நடுவில் நிற்கிற நமக்கும் தான் என்பது இல்லை. ஊரார் பிழையையெல்லாம் ஆயுள் முழுதும் திருத்திக் கொடுத்தவன் நான். எனக்கென்று ஒரு பிழையை வைத்துக்கொள்ள உரிமை இல்லையா என்று எண்ணினேன். பிழை தானாக நேர்ந்தது. அதைத் திருத்தாமல் அனுப்பியது மட்டுமே நான்.

நிகழ்ச்சி அன்று முதல் வரிசையில் மரபிலக்கியப் பேராசிரியர் ஒருவர் அந்த நிரலைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

“முந்நூறு வருஷமாவது இருக்கும்,” என்றார். “தன் இல்லை. அடேயப்பா, என்ன துணிச்சல். அப்புறம் பாருங்க, குழாயத் தெறந்தா காத்து வருதுன்னு வருது. குழாய்ங்கறது முதுகுத்தண்டு. காத்துங்கறது மூச்சு.”

குழாய் தம் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“இல்லீங்க,” என்றாள் தங்கை. “குழாய்னா குழாய்தான். எங்க வீட்டுச் சமையல்கட்டுக் குழாய்.”

பேராசிரியர் அவள் தலையை அன்போடு தொட்டார். “அதாம்மா மரபோட அழகே. பாடறவங்களுக்கு அர்த்தம் தெரியாது.”

அவ்வளவுதான். ஒரு மாலையில் முடிய வேண்டியது முடியவில்லை. பேராசிரியர் எழுதினார், வானொலியில் பேசினார், மாணவர்களை அழைத்து வந்தார். எங்கள் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதன் அட்டையில் ‘பாடல்: மக்கள்’ என்றும், அதன் கீழே, ‘தொகுப்பு’ என்னும் சொல்லுக்குப் பக்கத்தில், என் பெயரும் இருந்தன. எவரோ ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் அல்லவா. தெருவில் குழந்தை ஒன்று தனியே நின்றால், இது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இசைத்தட்டில் இருந்த பாடல்கள் அனைத்தும் அவளுடையவை. மாப்பிள்ளை வேலை முடிந்து திரும்பத் தாமதமானபோதெல்லாம் அவள் பாடிய ‘பஸ்ஸு வரல்லே’ என்னும் பாடலும் அவற்றுள் ஒன்று. முந்நூறு ஆண்டுப் பழமைக்கு அது சற்று இடைஞ்சலாக இருந்தது. பேராசிரியரே வழி கண்டார். ‘பஸ்’ என்பது பிற்காலத்து இடைச்செருகல். மூலத்தில் ‘பசு’ என்றே இருந்திருக்க வேண்டும். பசு என்றால் உயிர். இரண்டாம் பதிப்பில் நான் அவ்வாறே திருத்தினேன்.

மாப்பிள்ளை அட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப நான் தெனமும் ஓட்டறது என்ன மச்சான்?” என்றார்.

அந்த வாரமே தங்கை என் அச்சகத்துக்கு வந்தாள். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஆயினும் அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

“அண்ணா, என் பேர் மட்டும் போடு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“பாட்டு யாருக்கும் சொந்தமில்லம்மா. காத்து மாதிரி. வெயில் மாதிரி.”

“அப்ப உன் பேரு அங்க ஏன் இருக்கு?”

“அது சொந்தமில்ல. பொறுப்பு.”

“அந்தப் பொறுப்பக் கொஞ்சம் என் பேர்ல போடேன்.”

நான் சினம் கொள்ளவில்லை. உடைமை என்னும் நோயைப் பற்றி அவளுக்கு எடுத்துரைத்தேன். நிலத்துக்கு வேலி எதற்கு என்று கேட்டவன் நான். நீருக்கும் நெருப்புக்கும் உரிமை கொண்டாடுவோரை ஊர் ஊராகச் சென்று எதிர்த்தவன் நான். பாட்டுக்கு வேலி போடு என்று என் உடன்பிறந்தவளே கேட்கும்போது கொள்கையைக் கைவிடலாமா. இயந்திரம் ஓட்டுபவர் வேலையை நிறுத்திவிட்டு என் பேச்சைக் கேட்டார். தங்கை கடைசிவரை கேட்டுவிட்டு, “நல்லாப் பேசின. ஆனா நான் கேட்டது பேரு,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு நடந்த முதல் நிகழ்ச்சியில் அவள் ஒன்று செய்தாள். ‘தன்னில்லே’ பாடி முடித்ததும் மேடையிலிருந்து இறங்காமல் நின்றாள்.

“இந்தப் பாட்ட எழுதினது நான்தான்,” என்றாள். “எங்க கட்டடத்துல தண்ணி வராத அன்னிக்கு எழுதினேன். இது தண்ணியப் பத்தின பாட்டு.”

அரங்கம் அமைதியாயிற்று. அந்த அமைதியை அப்படியே விட்டிருந்தால் இந்த வழக்கே இல்லை. நான் ஒலிவாங்கியை அவள் கையிலிருந்து மெல்ல எடுத்தேன்.

“பெரியோர்களே, தன்னில்லே, தன்னில்லே என்று பாடிப் பாடித் தன்னையே இழந்து, பாட்டாகவே ஆகிவிட்ட ஒரு பெண்ணை இப்பொழுது உங்கள் கண்முன் கண்டீர்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதைப் படைத்தவள் எவளோ, அவளே இன்று இவள் வாயால் பேசினாள். என் தங்கைக்கு உங்கள் கைதட்டல் உரியதாகட்டும்.”

அரங்கம் எழுந்து நின்றது. என் வாழ்நாளில் நான் ஆற்றிய மிகச் சிறந்த உரை அதுவே. அதில் மூன்று வாக்கியங்கள்தாம் இருந்தன.

அடுத்த நிகழ்ச்சியில் அவள் அதையே மேலும் உரக்கச் சொன்னாள். கைதட்டலும் மேலும் உரக்க எழுந்தது. அதற்கடுத்த நிகழ்ச்சிக்கு மக்கள் அந்தக் கட்டத்துக்காகவே காத்திருந்தார்கள். ‘எழுதினது நான்தான்’ என்று பொறித்த சட்டைகளை அணிந்து இளைஞர்கள் முன்வரிசையில் அமர்ந்தார்கள். அவள் வாய் திறக்கும் முன்பே அரங்கம் முழுவதும் அந்த வரியைச் சொல்லி முடித்துவிட்டது. ஒருநாள் அவள் ஒன்றும் சொல்லாமல் இறங்கப் பார்த்தாள். விடவில்லை. சொல்லுங்க, சொல்லுங்க என்று காலால் தரையைத் தட்டிக் கேட்டார்கள். அவள் அங்கேயே நின்று அழுதாள். அந்த அழுகையோடு கூடிய பதிவையே இன்றளவும் மக்கள் மிகுதியாக விரும்பிக் கேட்கிறார்கள். கலைக்கு உண்மைதான் உயிர் என்று நான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன்.

பத்திரிகைக்காரர் ஒருவர் அவள் அழுகையைப் பற்றிக் கேட்டபோது, அவளுக்குச் சற்று ஓய்வு வேண்டும், பாட்டையும் தன்னையும் அவளால் பிரித்தறிய முடியவில்லை, ரசிகர்கள் அவளிடம் கனிவாக நடந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ரசிகர்கள் கனிவாகவே நடந்துகொண்டார்கள். மருத்துவமனையில் அவள் பெயர் சொல்லி அழைத்தால், பல்வலிக்காரர்கள் எழுந்து வந்து, வலியை மறந்து, இப்ப எப்படிம்மா இருக்கு என்று அவளைக் கேட்டார்கள். பல் மருத்துவர் நல்ல மனிதர். அழைக்கும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அவளைப் பின்னறையில் கருவிகளைக் கழுவும் வேலைக்கு மாற்றினார். அங்கே யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அமைதியான இடம், சன்னல்கூட உண்டு.

மாப்பிள்ளை கிதாரை உறையில் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “மச்சான், நீங்க ரொம்ப நல்லாப் பேசறீங்க,” என்றார். “அதான் பயமா இருக்கு.” அத்துடன் விலகிக்கொண்டார். குழாய் மேலும் சில நாள் தாக்குப்பிடித்தார். பிறகு அவரும், “அது தண்ணி மைக்கு. என் தொழில் மேல சத்தியமா அது தண்ணி,” என்று சொல்லிவிட்டு மேளத்தைத் தோளில் போட்டுக்கொண்டார்.

நான் தளரவில்லை. வேறு கிதார்க்காரர் கிடைத்தார். வேறு மேளக்காரர் கிடைத்தார். இரண்டு சுழியை இரண்டு சுழியாகவே உச்சரிக்கும் பாடகி ஒருவரும் கிடைத்தார். தனி மனிதர்கள் போவார்கள், வருவார்கள், இயக்கம் நிற்காது.

பிறகுதான் அந்தப் புகார். பூங்கா ஒன்றில், பள்ளிப் பிள்ளைகளுக்காக, தங்கையும் மாப்பிள்ளையும் குழாயும் சேர்ந்து பாடினார்கள் என்று கேள்விப்பட்டேன். ‘தண்ணில்லே’ என்று மூன்று சுழியில் பாடியிருக்கிறாள். ‘பஸ்ஸு’ என்றே பாடியிருக்கிறாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். முந்நூறு ஆண்டுப் பழமையான பாடலைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கலாமா. மரபுப் பாடலைச் சிதைக்கிறாள் என்று உங்களிடம் முறையிட்டேன்.

அன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பேராசிரியரை அழைத்து இரு வடிவங்களையும் கேட்கச் செய்தீர்கள். என் பாடகி பாடியதே மூலம், என் தங்கை பாடியது கெட்டுப்போன வடிவம் என்று அவர் ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னார். “என் பாட்ட நானே தப்பாப் பாடறேன்னு சொல்றீங்களா?” என்று அவள் உங்களைக் கேட்டாள். தலைவர் அவர்கள் இரக்கத்தோடு அவளுக்கு ஒரு குவளைத் தண்ணீர் நீட்டினீர்கள். அவள் குவளையைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அவளுக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

இவ்வளவும் செய்தவன் இன்று ஏன் உண்மையைச் சொல்ல வந்தான் என்று கேட்பீர்கள். மனச்சாட்சி என்று ஒன்று உண்டு. என்னுடையது போன மாதம், பேராசிரியரின் புத்தகம் வெளியான பிற்பகலில், விழித்துக்கொண்டது.

தடித்த புத்தகம். நல்ல தாள், நல்ல அட்டைக்கட்டு. எங்கள் பாடல்கள் எல்லாம் அதில் இருந்தன. அட்டையில் ‘தொகுத்தவர்’ என்று போட்டு, அதன் கீழே பேராசிரியரின் பெயர். நான் கடையில் நின்றபடியே முன்னுரையைப் படித்தேன்; பின்னிணைப்பைப் படித்தேன்; அடிக்குறிப்பு ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படித்தேன். ‘தகவல் தந்து உதவிய இசைக்குழுவினருக்கு நன்றி’ என்று ஓரிடத்தில் இருந்தது. இசைக்குழுவினர். ஒரு மனிதன் இரவு பகலாகக் கட்டிக் காத்ததை, எழுத்து எழுத்தாகச் செப்பனிட்டதை, ஊருக்கும் உலகுக்கும் எடுத்துரைத்ததை, இன்னொருவர் வந்து தம் பெயர் போட்டு எடுத்துக்கொண்டு போகிறார். இதைவிடக் கொடிய திருட்டை நான் கேள்விப்பட்டதில்லை.

அவரிடமே நேரில் சென்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, மரபுல தனி ஆளுக்கு என்ன எடம் இருக்கு? நீங்களே மேடையில எவ்வளவு அழகாச் சொல்வீங்க.”

அந்தக் கணத்தில்தான் என் தங்கைக்கு இழைக்கப்பட்ட அநீதி எனக்கு முழுமையாகப் புரிந்தது. படைத்தவர் பெயரை மறைப்பது எத்தகைய கொடுமை என்பதைப் பட்டவனே அறிவான். உடனே உங்களுக்குச் சொல்லியனுப்பினேன்.

ஆகவே அறிவிக்கிறேன். முந்நூறு ஆண்டு என்பது பொய். மெய்ஞ்ஞானம் என்பது ஒரு சுழி குறைந்ததால் வந்தது. அந்தப் பாடல்கள் ஒவ்வொன்றையும், ஒரு சொல் விடாமல், ஒரு மெட்டு விடாமல், என் தங்கையே ஆக்கினாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தே அவளிடமிருந்து எடுத்தேன். தெரிந்தே அவளைப் பித்துப் பிடித்தவள் என்று ஊர் நம்பச் செய்தேன். தெரிந்தே அவள் வாயை உங்கள் கையால் மூடினேன். பேராசிரியரின் புத்தகம் முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை செல்லாது. இதைத் தயவுசெய்து தடித்த எழுத்தில் போடுங்கள்.

அவள் வெளியே பலகையில் உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளையும் உடன் இருக்கிறார். உள்ளே வரும்போது என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். “அண்ணா, உள்ள போய் எவ்வளவு வேணும்னாலும் பேசு. நடுவுல ஒரு தடவ என் பேரச் சொல்லிடு,” என்றாள். அவளுடைய கோரிக்கைகள் எப்போதுமே சிறியவை.

இந்த வாக்குமூலம் உங்கள் சங்க இதழில் வெளிவரப் போகிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. நாட்டுக்குப் பயன்படும். தலைவர் அவர்கள் பேனாவை எடுத்துக்கொண்டு, தங்கையின் பெயர் என்ன என்று இப்பொழுது மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். அவ்வளவு நுணுக்கம் எதற்கு? ‘தங்கை’ என்று போட்டால் போதும், படிப்பவர்கள் புரிந்துகொள்வார்கள். எழுதியவர் என்று என் பெயரை மட்டும் தலைப்பெழுத்தோடு முழுமையாகப் போட்டுவிடுங்கள். மெய்ப்பு வந்ததும் என்னிடம் அனுப்புங்கள். நானே பார்த்துத் தருகிறேன்.